நாலாவது கட்டத்தை யார் வரைவது?

செப்டம்பர் 4, திங்கள்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தத்துவ வகுப்பு. நாற்பத்தாறு பேரில் பதினொரு பேர் தூங்கினார்கள். எண்ணிப் பார்த்தேன். இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. 'நல்ல வாழ்க்கை என்பது எது?' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் ஜெர்வின் குறட்டை விடுகிறான். விடியும் முன்பே மீன்பிடித் துறைக்குப் போய் ஐஸ் உடைத்துவிட்டு வருகிறவன். எழுப்ப மனசு வரவில்லை. என் கேள்விக்கு அந்த வகுப்பில் கிடைத்த ஒரே பதில் அந்தக் குறட்டைதான்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு ஏழு வருடமாக இதே பாடம், இதே குறிப்புகள். இன்று எனக்கே கொட்டாவி வந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 5, செவ்வாய்

என் கணவர் எட்மாரின் பஞ்சர் கடை எங்கள் வீட்டு வாசலிலேயே. ஒட்டுப் போட்ட டியூப் காய்கிற நேரத்தில் அவர் காமிக்ஸ் படிப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்த்த மூன்று பெட்டி இருக்கிறது. பதினான்கு வருடமாக நான் அவற்றைத் தொட்டதில்லை. சாயங்காலம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டது என் தப்பு. கருவாடும் சோறும் சாப்பிட்டு முடிக்கிறவரை அந்தக் கதைதான்.

"அந்தக் கடல் பூதத்துக்கு மாசம் ஒரு ஆள் வேணும். இல்லேன்னா தண்ணிய ஊருக்குள்ள விட்டுரும். நம்ம மீசைக்காரன் என்ன பண்றான், யாருக்கும் தெரியாம ஊர்ல இருக்கிற திருடனா பாத்து ஒவ்வொருத்தனா அனுப்புறான். என்ன மூளை பாரு!"

"மூளையா? யார் போகணும்னு முடிவு பண்ண அவன் யாரு?"

"அப்ப ஊரே முழுகட்டுமா? நீயும் சேந்துதான் முழுகுவ, ரிசா."

"திருடங்க தீந்து போனா அடுத்து யாரு? பஞ்சர் கடைக்காரனா?"

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "அது அடுத்த புத்தகத்துல வரும்னு நினைக்கிறேன்" என்றார், கொஞ்சம் கவலையாக.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ஒரு மணி நேரம் நல்லது கெட்டது பற்றி இரண்டு பேரும் சண்டை போட்டிருக்கிறோம். ஒருத்தரும் தூங்கவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

பலகையில் நாலு கட்டம் போட்டேன். முதல் கட்டத்தில் புயலுக்கு மறுநாள், ஒரு மீனவன் படகில். இரண்டாவதில் யாரோ ஒருவருடைய வலை அடித்துக்கொண்டு வருகிறது, நிறைய மீன். மூன்றாவதில் மிதவையில் பெயர் தெரிகிறது: அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத எதிர் வீட்டுக்காரன். நாலாவது கட்டம் காலி. "நீங்க வரையுங்க" என்றேன்.

எனக்குப் படம் வராது. வராது என்றால் சுத்தமாக வராது.

"மேம், அது படகா, செருப்பா?"

"மீன்னு சொன்னீங்க, மிளகாய் மாதிரி இருக்கு மேம்."

சிரித்தார்கள். சிரித்தால் முழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதல் கை தூக்கியது ஜெர்வின்! "எடுத்துக்கணும் மேம். செத்த மீனுக்குத் தான் யாரு வீட்டு மீன்னு தெரியவா போவுது?" முன்வரிசை ரோடலின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வகுப்பில் முதல் மாணவி, வார்த்தை ஒவ்வொன்றும் அளந்து வரும். "மிதவையில உன் அப்பா பேரு எழுதியிருந்தா?" ஜெர்வின், "என் அப்பாகிட்ட வலையே இல்லையே" என்றான். ஒரே கூச்சல். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுதிவைக்கிறேன், பிற்பாடு நானே நம்பமாட்டேன்: மணி அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு

எட்மார் படம் வரைய ஒப்புக்கொண்டார். நிபந்தனை: அவர் காமிக்ஸ் பெட்டிகளை இனி நான் 'அந்தக் குப்பை' என்று சொல்லக் கூடாது. சரி என்று சொல்லிவிட்டேன். மனுஷனுக்கு டயர் ஒட்டுகிற விரல். அதில் எப்படித்தான் அவ்வளவு மெல்லிய கோடு வருகிறதோ.

செப்டம்பர் 26, செவ்வாய்

தூங்கியவர்கள்: ஒருவர். காய்ச்சலாம்.

இப்போது அவர்களே வாரம் ஒரு கதை வரைந்து தர வேண்டும். மூன்று கட்டம் அவர்களுடையது, நாலாவது கட்டம் காலி. சீட்டுக் குலுக்கி யார் பெயர் வருகிறதோ அவர் பதில் வரைய வேண்டும். ஏன் அப்படி வரைந்தார் என்று வகுப்புக்குச் சொல்லவும் வேண்டும். ஒருத்தி வரைந்திருந்தாள்: அம்மா துபாயிலிருந்து வீடியோவில் கேட்கிறாள், 'தம்பி ஒழுங்கா படிக்கிறானா?' பின்னால் தம்பி, காட்டிக்கொடுக்காதே என்று கும்பிட்டபடி நிற்கிறான். நாற்பது நிமிடம் அந்தத் தம்பிக்காகப் போனது. பொய் சொல்வது அன்பாக இருக்க முடியுமா என்று நான் கேட்கவே இல்லை. அவர்களே அங்கே வந்து சேர்ந்தார்கள்.

அக்டோபர் 11, புதன்

ஆசிரியர் அறையில் கணக்கு சார் கரிங்காலோ: "ரிசா மேம், அடுத்து என்ன, பொம்மலாட்டமா? பன்னெண்டாவது முடிக்கிறதுக்குள்ள தாலாட்டும் பாடிருவீங்களா?"

"தாலாட்டு வேணாம் சார். உங்க வகுப்பு போதும், நல்லாத் தூங்குறாங்க."

சொன்ன பிறகு சங்கடமாக இருந்தது. என் அரிசிப் பலகாரத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். அவரும் சாப்பிட்டார்.

அக்டோபர் 24, செவ்வாய்

தலைமையாசிரியை கெல்வேசோன் மேடம் கூப்பிட்டனுப்பினார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து ஃபோர்த்தலேசா மேடம் நவம்பர் 15 அன்று என் வகுப்பைப் பார்வையிட வருகிறாராம். அதில் வாங்குகிற மதிப்பீட்டை வைத்துத்தான் என் பதவி உயர்வு. ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போனது. இது மூன்றாவது.

"கார்ட்டூன் எல்லாம் வேணாம், ஃப்ளோரிசா. ஒழுங்கா கம்ப்யூட்டர் திரை வெச்சு, குறிக்கோள் எழுதி, படிப்படியா நடத்து. ஒத்திகை பாத்துடு."

"பசங்க இப்ப நல்லா பேசுறாங்க மேம்."

"அதான் பயமே."

நவம்பர் 6, திங்கள்

ஒத்திகை. எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதுதான், நான் மட்டும் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. ஏழு கேள்வி, ஏழு பதில், யார் எதைச் சொல்ல வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தேன். எல்லோரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. பார்க்கிறவருக்கு நாற்பத்தாறு கை தெரியும். நான் வலது கைகளை மட்டும் கூப்பிடுவேன். பிள்ளைகள் குஷியாக நடித்தார்கள். நானும்தான். பேரம் பேசாமல் வாங்கிய துணி மாதிரி ஏதோ உறுத்தியது, ஆனால் கொஞ்சம்தான்.

நவம்பர் 9, வியாழன்

கெல்வேசோன் மேடம் ஒரு பட்டியல் கொடுத்தார். எட்டுப் பெயர். பார்வையிடும் அந்த ஒரு மணி நேரம் அவர்கள் பின்பக்கம் கத்தரித் தோட்டத்தில் களை எடுக்க வேண்டும். சீருடை சரியில்லாதவர்கள், வாய்த் துடுக்கு, பின்தங்கியவர்கள். வகுப்பில் படித்தேன். நான்தான் படித்தேன், என் குரலில். மூன்றாவது பெயர் ஜெர்வின்.

அவன் எழுந்து நின்று, "சரி மேம். கத்தரிக்காய்க்கும் யாராவது தத்துவம் சொல்லணும்ல" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும். ரோடலின் சிரிக்கவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

இந்த வாரப் படங்கள் வந்தன. பதினேழாவது தாள் ரோடலினுடையது.

முதல் கட்டம்: ஒரு டீச்சர் பலகையில் 'எது சரி?' என்று எழுதுகிறார். இரண்டாவது: அதே டீச்சர் பிள்ளைகளுக்கு வலது கை, இடது கை சொல்லிக்கொடுக்கிறார். மூன்றாவது: ஜன்னலுக்கு வெளியே எட்டுப் பேர், கையில் மண்வெட்டி, உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள். நாலாவது காலி. கீழே சின்ன எழுத்தில்: 'இது மேமுக்கு.'

இவளுக்கு என்ன தெரியும்? பட்டியல்ல இவ பேரு இருக்கா? இல்லையே. அப்புறம் என்ன? ரெண்டு தடவை தள்ளிப்போனா தெரியும் இவளுக்கு. நானா பட்டியல் போட்டேன்? நான் வெறுமனே படிச்சேன். வெறுமனே — என்ன வார்த்தை எழுதுறேன் பாரு.

நவம்பர் 11, சனி

எட்மாரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா வரையுறா. உன் மூக்கைத்தான் கொஞ்சம் பெருசா போட்டுட்டா."

"மூக்கப் பத்தியா கேட்டேன்?"

"வேற என்ன கேக்குற? அந்தக் கட்டம் உனக்கு வந்தது. எனக்கு வரல."

"உங்களுக்கு என்ன, டயர் வந்து உங்கள மதிப்பீடு பண்ணப்போகுதா?"

"தினமும் பண்ணுது, ரிசா. சரியா ஒட்டலேன்னா நாலு தெரு தாண்டி காத்துப் போயிடும்."

கோபத்தில் அவர் பங்கு வாழைப்பழத்தையும் நானே சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தேன். அந்தக் காலிக் கட்டத்தில் எட்டுப் பேரைக் களையெடுக்க வைத்து வரைந்தேன், அழித்தேன். டீச்சர் அழுவது மாதிரி வரைந்தேன், அது இன்னும் கேவலமாக இருந்தது, அழித்தேன். தாள் கிழிகிற அளவுக்கு வந்துவிட்டது. கடைசியில் ஒன்றும் வரையவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

வகுப்பில் சொல்லிவிட்டேன். ஒத்திகை ரத்து. எட்டுப் பேரும் உள்ளேதான் உட்கார வேண்டும். தலைமையாசிரியையிடம் இன்னும் சொல்லவில்லை — சொல்லியிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை, உண்மை அதுதான்.

பிள்ளைகளுக்கு வந்த கலவரத்தைப் பார்க்க வேண்டுமே.

"அப்ப எந்தக் கையைத் தூக்குறது மேம்?"

"உனக்கு எது வருதோ அது."

"பதில் யாருக்கும் தெரியலேன்னா?"

"தெரியலேன்னு சொல்லுங்க."

"அந்தம்மா முன்னாடியா?!"

ரோடலினிடம், அவள் படத்தை நாளைக்குப் பலகையில் ஒட்டலாமா என்று அனுமதி கேட்டேன். அதை எட்மார் பெரிய தாளில் வரைந்து கொடுத்திருக்கிறார். அவள், "மூக்க மட்டும் சின்னதாக்கிடலாம் மேம்" என்றாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என் மூக்கு விஷயம்.

நவம்பர் 15, புதன்

மனசில் இருப்பது சந்தோஷமா பயமா, தெரியவில்லை.

ஃபோர்த்தலேசா மேடம் பின்வரிசையில் உட்கார்ந்தார். குட்டையான பெண்மணி, மடியில் படிவம், அதன் மேல் கண்ணாடி. பக்கத்தில் கெல்வேசோன் மேடம். ஜெர்வினைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. நான் தாளைப் பலகையில் ஒட்டினேன்.

"இது நம்ம பள்ளிக்கூடக் கதை. இதுல வர்ற டீச்சர் நான்தான். கைய எப்படித் தூக்கணும்னு சொல்லிக்கொடுத்தது நான். பேரப் படிச்சதும் நான். நாலாவது கட்டத்த வரைய எனக்குத் தெரியல. நீங்க உதவி பண்ணுங்க."

கெல்வேசோன் மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுந்தது ஜெர்வின். எனக்காகப் பேசப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தலைமையாசிரியைக்காகப் பேசினான்! "மேம், வீட்டுக்கு விருந்தாளி வந்தா எங்கம்மா உடைஞ்ச தட்டையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளிருவாங்க. அது பொய்யா? வர்றவங்களுக்குக் குடுக்குற மரியாதை. தோட்டத்துக்கு அனுப்பினதும் அப்படித்தான். எனக்குக் கோவம் இல்ல."

நாலைந்து தலைகள் ஆடின. நல்ல வாதம். அப்போது ரோடலின், உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாக:

"தட்டுக்குத் தெரியாது ஜெர்வின், தன்ன ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு."

ஜெர்வின் உட்கார்ந்தான். தலை குனிந்திருந்தது, காது மட்டும் சிவந்திருந்தது. பட்டியலில் இருந்த இன்னொரு பெண் எழுந்தாள். வருடம் முழுக்க நான் குரல் கேட்டறியாத பெண். "எனக்குக் கோவம் இருந்துச்சு மேம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை.

நடுவில் ஃபோர்த்தலேசா மேடம் கை தூக்கினார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வலதா இடதா மேம்?" வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவரும் தன் கையைப் பார்த்தார். இடது கை. "எனக்கும் பதில் தெரியல. கேள்விதான்" என்றார். "மரியாதைக்காக ஒளிக்கிறதுன்னா, ஒளியப்போறவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

மணி அடித்தபோது நாலாவது கட்டம் காலியாகத்தான் இருந்தது.

நவம்பர் 16, வியாழன்

மதிப்பீடு வந்தது. 'மாணவர் பங்கேற்பு மிகச் சிறப்பு. பாடத் திட்டம் பின்பற்றப்படவில்லை. குறிக்கோள் எழுதப்படவில்லை. முடிவுரை இல்லை.' மொத்தத்தில் திருப்திகரம். திருப்திகரம் போதாது. இந்த வருடமும் இல்லை.

எட்மார் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு நூடுல்ஸ் சூப் வாங்கிவந்தார். கொஞ்சம் அழுதேன். பிறகு இன்னொரு கிண்ணம் சாப்பிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

புதிய பொறுப்பு அறிவிக்கப்பட்டது. கத்தரித் தோட்டம்: ஃப்ளோரிசா. கெல்வேசோன் மேடம் என் பக்கம் பார்க்காமலே படித்தார். கரிங்காலோ சார் இருமலை அடக்கினார், அது இருமல் இல்லை.

டிசம்பர் 13, புதன்

தோட்டத்தில் கத்தரிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தேன். கெல்வேசோன் மேடம் வந்து நின்றார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு.

"உரம் போதாது."

"போடுறேன் மேம்."

போகவில்லை. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, செடியிடம் சொல்வது போல: "நான் பொறுப்பெடுத்த முதல் வருஷம் ஒரு அதிகாரி வந்தாரு. முன்வரிசையில ஒரு பையன், சட்டைத் தோள்ல கிழிசல். அதிகாரி அதுக்குள்ள விரலை விட்டு, 'இது என்ன, ஜன்னலா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பையன் மறுநாள் வரல. அப்புறம் வரவே இல்ல. அதுக்கப்புறம் நான் யாரையும் அப்படி உக்கார வெச்சதில்ல, ஃப்ளோரிசா."

கையில் இருந்த குச்சியை எங்கே நடுவது என்று தெரியவில்லை எனக்கு. இத்தனை நாள் இவரை நான் என்னவெல்லாம் நினைத்திருக்கிறேன்.

"இத நீங்க அந்த எட்டுப் பேருகிட்ட சொல்லியிருக்கலாமே மேம்."

"தலைமையாசிரியை இதெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டு இருப்பாளா?"

"படமா வரையலாம். பேரு போட வேணாம்."

முறைத்தார். நாலு அடி போய்த் திரும்பினார். "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, என்னைக் குண்டா வரையக் கூடாது."

ஜனவரி 18, வியாழன்

கிழிந்த சட்டைக் கதையை இன்று வகுப்பில் வைத்தேன். மூன்று கட்டம் எட்மார் வரைந்தது. சட்டைக் கிழிசலைக் கருணையோடு சின்னதாகப் போட்டிருந்தார். யாருடைய கதை என்று சொல்லவில்லை. பெரும்பாலானோர் அதிகாரியைத் திட்டி வரைந்தார்கள். ஒருத்தன், எட்மாரின் காமிக்ஸ் எப்படித்தான் கைக்குக் கிடைத்ததோ, அதிகாரியைக் கடல் பூதத்திடம் அனுப்பிவிட்டான். ஜெர்வின் மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். அவன் கட்டத்தில் டீச்சர் அந்தப் பையன் வீட்டு வாசலில் நிற்கிறாள். கையில் ஊசி நூல்.

"ஏன்டா?"

"யாராவது போயிருந்தா அவன் வந்திருப்பான் மேம்."

கெல்வேசோன் மேடம் வராந்தாவில் நின்றிருந்தது எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது போய்விட்டிருந்தார். மதியம் அலுவலக உதவியாளர் வந்து, ஜெர்வினின் படத்தை மேடம் கேட்கிறார் என்றார். கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கரிங்காலோ சார் எங்கள் கடைக்கு வந்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அதை உதைத்துப் பார்த்துவிட்டு, நிகழ்தகவுப் பாடத்துக்கு ஒரு சேவல் சண்டை வரைந்து தர முடியுமா என்று எட்மாரிடம் கேட்டார். நான் உள்ளே இருந்தபடி தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன்.

பிப்ரவரி 21, புதன்

கரிங்காலோ சார் என் பிள்ளைகளுக்கு நடத்தும் கணக்கு வகுப்பை மாவட்டத்திலிருந்து பார்வையிட வந்தார்கள். இந்த முறை மூன்று பேர். காலையிலேயே சார் அலுவலகத்துக்குப் போய், "பட்டியல் குடுங்க மேம், தோட்டத்துக்கு அனுப்பிடுறேன்" என்றார். நான் அப்போது அங்கேதான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கெல்வேசோன் மேடம் நிமிரவில்லை. "என்ன பட்டியல்?"

"எப்பவும் குடுப்பீங்களே மேம், அந்த—"

"தோட்டத்துல ஒண்ணும் வேலை இல்ல. எல்லாரும் வகுப்புல இருக்கட்டும்."

ஆக, நாற்பத்தாறு பேரும் உள்ளே. எத்தனையோ வருடத்தில் முதல் தடவையாக அறையில் நாற்காலி போதவில்லை. வந்தவர்களில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கெல்வேசோன் மேடம் தன் அறைக்குப் போய்த் தன்னுடைய நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். கனமான மர நாற்காலி; பாதி வழியில் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். உள்ளே வைத்துவிட்டு இரண்டு பேரும் வராந்தாவில் நின்றோம். உட்கார இடம் இல்லை.

உள்ளே யாரோ ஒரு பையன் தப்பான விடை சொன்னான். யாரோ சிரித்தார்கள். அவன் மறுபடி முயற்சி செய்தான்.

"கால் வலிக்குது, ஃப்ளோரிசா" என்றார்.

"போய் உக்காருங்க மேம், ஆசிரியர் அறையில நாற்காலி இருக்கு."

"இரு. இவன் சொல்லி முடிக்கட்டும்."